எட்டு மீட்டரில் ஒரு கண்

முன்பு என்.எச். 7 என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, இப்போது 44 என்று நம்பர் மாறிவிட்ட அந்த மதுரை ரோடு, கங்கைகொண்டானை நாலு வழியாகத் தாண்டிப் போகிறது. நடுத்திட்டில் வரிசையாக அரளி. அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. எதிர்ப்பக்கம் வருகிற வண்டியின் வெளிச்சம் இந்தப் பக்கத்துக்காரன் கண்ணில் அடிக்காமல் மறைப்பதும் அந்தச் செடியின் வேலை. மெயின் ரோட்டை விட்டு ஊர்ப்பக்கம் இறங்கிவிட்டால் அரளியும் கிடையாது, நடுத்திட்டும் கிடையாது. ஒற்றை ரோடுதான். எதிரே வருகிறவன் டிம் அடித்தால்தான் உண்டு.

டிம் அடிக்கிறவர்கள் குறைந்துபோனார்கள் என்பது பழைய புலம்பல். டிம் அடித்தும் பிரயோஜனமில்லை என்பதுதான் புதுச் சங்கதி. பைக், லோடு ஆட்டோ, கார் என்று எல்லாவற்றிலும் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பு ஏறிவிட்டது. டிம்மிலேயே கண்ணைப் பறிக்கிறது.

என் சேக்காளி ஒருவருக்கு எழுபத்திரண்டு வயது. சிற்றாற்றுப் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. டிவிஎஸ் 50 வண்டியில் போய் மோட்டார் போட்டுவிட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்புவார். போன கார்த்திகையில் ஒருநாள் எதிரே வந்த வெள்ளை வெளிச்சத்தில் ரோட்டோரம் எது, ஓடை எது என்று தெரியாமல் வண்டியோடு உள்ளே இறங்கிவிட்டார். தோள்பட்டை எலும்பில் விரிசல். வெளிச்சம் அடித்தவன் நிற்கவில்லை. இப்படி ஒருவர் விழுந்ததே அவனுக்குத் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு சேக்காளி ஆறு மணிக்கு மேல் வண்டியைத் தொடுவதில்லை. தண்ணீர் பாய்ச்ச மகனிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. தோள் வலியைவிட அதுதான் அவருக்கு வலிக்கிறது.

நம் வயசுக் கண்ணுக்கு இது இரட்டைக் கஷ்டம். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயசாக ஆக மங்குகிறது. மங்கிய லென்ஸில் பலமான வெளிச்சம் பட்டால் அது உள்ளே சிதறி, பார்வை முழுக்க வெள்ளைத்திரை போட்டுவிடும். வண்டி கடந்துபோன பிறகும் இருட்டுக்குக் கண் பழக இளைஞர்களைவிட நமக்கு நேரம் அதிகமாகும். அந்தச் சில விநாடிகளில் வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த நிலைமையில்தான் என் தங்கை மகன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெங்களூரில் வேலை. ஒசூர், சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி, கயத்தாறு என்று அதே 44ஆம் நம்பர் ரோட்டைப் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு வருகிறவன். வருவது ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில். செகண்ட் ஹேண்ட், ரெண்டு கதவு, பின்னால் இருப்பதை சீட் என்று சொன்னால் சீட்டுக்கு அவமானம். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். தரையோடு தரையாகப் போகிற அந்த வண்டிக்குள் உட்கார நானெல்லாம் முதலில் காலை விட்டு, பிறகு இடுப்பை விட்டு, கடைசியில் தலையை விட வேண்டும்.

"மாமா, ஹெட்லைட் சிம்னி விளக்கு மாதிரி எரியுது. இந்த பல்பை மாட்டிக் குடுங்க" என்று பையைப் பிரித்தான். எல்.இ.டி. பல்பு ரெண்டு. அட்டையில் ஏதேதோ ஆயிரக்கணக்கில் நம்பர்.

அவன் குறையில் நியாயம் இருந்தது. கங்கைகொண்டானில் 2013ல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது, சுமார் 288 ஹெக்டேர். மானுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. ரோட்டுக்கு வந்த மான் வெளிச்சத்தைப் பார்த்தால் ஓடாது, அப்படியே சிலையாக நிற்கும். அவ்வளவு வேகத்தில் வருகிறவனுக்கு தூரத்திலேயே அது தெரிந்தாக வேண்டும். ஆனால் அந்த பல்பை மாட்ட நான் சம்மதிக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பல்புக்குள்ளே போக வேண்டும்.

டெப்போவில் எலக்ட்ரீஷியனாக முப்பத்தொரு வருஷம் பஸ் விளக்குகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். கட்டபொம்மன் பேர் போட்ட பஸ்கள் ஓடிய காலத்திலிருந்து. முதலில் ஸீல்டு பீம், அதாவது விளக்கு முழுவதுமே ஒரே கண்ணாடிக் குடுவை; பியூஸ் போனால் குடுவையோடு மாற்ற வேண்டும். பிறகு வந்தது ஹெச்4 பல்பு. ஒரே பல்புக்குள் ரெண்டு இழை. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. டிம் இழைக்குக் கீழே மட்டும் ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கும். பழைய பல்பு இருந்தால் எடுத்துப் பாருங்கள், தெரியும். அந்த இழையின் வெளிச்சம் கீழ்ப்பாதி ரிப்ளெக்டரில் படாமல் அந்தக் கிண்ணம் மறைக்கிறது. கீழ்ப்பாதியில் பட்டால் அது மேலே எகிறி எதிரே வருகிறவன் முகத்துக்குப் போகும். மேல்பாதியில் பட்டது மட்டும் குனிந்து ரோட்டுக்கு வரும். டிம் என்பது வெளிச்சத்தைக் குறைப்பது என்று பலபேர் நினைத்திருக்கிறார்கள். அது வெளிச்சத்தைக் குனிய வைப்பது.

அந்த ரிப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் மயிரிழை மாதிரி இருக்கிற அந்த இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்காகக் கணக்குப் போட்டுச் செய்தது. அதில் எல்.இ.டி. பல்பை மாட்டினால் வெளிச்சம் புறப்படுகிற இடமும் அளவும் வேறு. கணக்கு கெட்டுவிடுகிறது. வெளிச்சம் நாலாபக்கமும் தெறிக்கும். ஓட்டுகிறவனுக்கு முன்னால் பத்தடி ரோடு பட்டப்பகல் மாதிரி ஜொலிப்பதால் ஆகா என்றிருக்கும். உண்மையில் பக்கத்தில் அவ்வளவு பளிச்சென்று இருந்தால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத்தான் தெரியும். தன் மானும் தெரியாது, எதிரே வருகிறவனுக்கு ஓடையும் தெரியாது.

அந்தக் காலத்து கறுப்புப் பொட்டு ஞாபகம் இருக்கிறதா? ஹெட்லைட் கண்ணாடியில் நடுவே கறுப்பு பெயிண்டால் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். சில வண்டியில் மேல்பாதியே கறுப்பு. போலீஸ்காரர்கள் வண்டியை மறித்துக் கையோடு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியதும் உண்டு. எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் இப்போது சொன்ன கணக்கைப் பார்த்தால், ரோட்டுக்குக் குனிந்து வருகிற வெளிச்சம் பெரும்பாலும் அந்த மேல்பாதி வழியாகத்தான் வர வேண்டும். அதைத்தான் அடைத்து வைத்திருந்தோம்! ஓட்டுநர்கள் திட்டியதில் காரணம் இல்லாமல் இல்லை.

மருமகனிடம் முதலில் செலவில்லாத வேலையைச் செய்வோம் என்றேன். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் காட்டியது. அதுவே பல்பின் காலில் 12.1. பழைய வண்டி, நூல் மாதிரி வயர், சுவிட்ச் வழியாக ஊரைச் சுற்றி வருகிறது கரண்ட். இழை பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், நடுவே பியூஸ், ரெண்டு ரிலே. அரைநாள் வேலை. மஞ்சள் பூத்திருந்த பிளாஸ்டிக் கண்ணாடியை 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலீஷ் போட்டோம். வாசகர்களில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பாதிப் பேருக்கு இதுவே போதும். அவனுக்குப் போதவில்லை. விடிய விடிய ஓட்டுகிறவன், அவன் கேட்டது அநியாயமும் இல்லை. சரி, செய்தால் புரொஜெக்டர் வைத்துச் செய், இல்லையென்றால் தொடாதே என்றேன்.

புரொஜெக்டர் என்ற பேரிலேயே விஷயம் இருக்கிறது. டூரிங் டாக்கீஸ் பார்த்த நமக்கு இதை விளக்குவது சுலபம். மிஷினுக்குள் பலமான விளக்கு, அதன் பின்னே குழிந்த கண்ணாடி, வெளிச்சம் ஒரு இடத்தில் குவிகிறது, அங்கே பிலிம், அதற்கு முன்னால் லென்ஸ். பிலிமைத் தலைகீழாகத்தான் மாட்டுவார்கள். லென்ஸ் அதை நிமிர்த்தித் திரையில் போடும். ஹெட்லைட் புரொஜெக்டரிலும் அதே ஏற்பாடு. பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு. அந்தத் தகடு கீழ்ப்பாதி வெளிச்சத்தை அடைக்கிறது. லென்ஸ் தலைகீழாக்குவதால் ரோட்டில் மேல்பாதி இருட்டாகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் கத்தியால் வெட்டியது மாதிரி ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. பிரைட் போட்டால் ஒரு குட்டிக் காந்தம் அந்தத் தகட்டை 'டக்' என்று சாய்த்துவிடும், மேலேயும் வெளிச்சம் போகும்.

அந்தக் கோடு நேர்கோடு அல்ல என்பதுதான் முக்கியம். இடது பக்கம் போகிற நாட்டு விளக்கில் கோடு இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறும்; ரோட்டோரம் நடக்கிறவரும் மைல்கல்லும் தெரிவதற்காக. வலப்பக்கம், அதாவது எதிர்வண்டி வருகிற பக்கம், தாழ்ந்தே இருக்கும்.

பார்சல் வந்தது. மூன்றங்குல லென்ஸ் வைத்த ஜோடி. மருமகனுக்கு அன்றைக்கே மாட்டிவிட வேண்டும். ஒட்டின பிறகு பார்ப்பதற்குப் பதில் ஒட்டுமுன்னே பார்ப்போம் என்று வீட்டு வராந்தாவில் ஸ்டூல் போட்டு, பேட்டரியில் கொடுத்துச் சுவரில் அடித்தோம். அருமையான கோடு. ஆனால் வலப்பக்கம் ஏறியது! அமெரிக்காக்காரனுக்குச் செய்ததை நமக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை மாட்டியிருந்தால் எதிரே வருகிற ஒவ்வொருவன் கண்ணையும் தேடித் தேடி அடித்திருக்கும். விற்றவனுக்குப் போன் போட்டால், "சார், அதெல்லாம் யாரும் பாக்கறதில்ல சார்" என்றான். யாரும் பார்ப்பதில்லை என்றால் எத்தனை ஜோடி நம் ரோட்டில் ஓடுகிறதோ. மருமகன் விடவில்லை. திருப்பி அனுப்பி, சரியானது வர பன்னிரண்டு நாள் ஆயிற்று.

இதற்கிடையில் அவன் ஒரு புத்திசாலித்தனம் செய்தான். வண்டியோடு வந்த ஒரிஜினல் விளக்கை அறுக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையில் அதே மாடல் டூம் ஒரு ஜோடி தேடிப் பிடித்து அதைத்தான் பிரித்தான். சட்டம் இந்த வேலைகளுக்கு அவ்வளவு தோழன் அல்ல. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. கழற்று என்று அதிகாரி சொன்னால் ஒரு மணி நேரத்தில் ஒரிஜினல் திரும்ப ஏறிவிடும்.

பிரிக்கிற வேலை ரசமானது. கண்ணாடியும் டூமும் ப்யூட்டைல் என்ற கறுப்புக் கோந்தால் ஒட்டியிருக்கும். மதுரையில் ஒரு பையன் சூட்டுப் பெட்டி வைத்திருக்கிறான். 100 டிகிரி அளவில் கொஞ்ச நேரம் வைத்து, கோந்து இளகியதும் பலாப்பழம் பிளப்பது மாதிரி மெல்ல மெல்லப் பிளக்க வேண்டும். கோந்தும் பலாப்பால் மாதிரியே இழுக்கும். பழைய பல்பு இருந்த ஓட்டை வழியாகவே புரொஜெக்டரை நுழைத்து, பின்பக்கம் நட் போட்டு இறுக்கினான். இறுக்குமுன் கோடு படுக்கையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தால் ஒரு பக்கம் எதிர்க்காரன் கண்ணுக்குப் போய்விடும். பிறகு புதுக் கோந்து போட்டு மூடினான். டூமின் மூச்சுத்துளையை மட்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் ஐப்பசி மழையில் உள்ளே வியர்த்து நிற்கும். பையன் விஷயம் தெரிந்தவன், அதை அவனாகவே சொன்னான்.

பொங்கல் கழித்து ஒரு சாயங்காலம் போகஸ் வைத்தோம். போகஸ் வைக்க சமதரையும் வெள்ளைச் சுவரும் வேண்டும். ஓடாமல் கிடக்கிற ரைஸ்மில்லில் ரெண்டும் இருக்கிறது. நெல் காயப்போட்ட சிமெண்டுக் களம், எதிரே சுண்ணாம்புச் சுவர். டயரில் சரியான காற்று, பாதி டேங்க் பெட்ரோல், ஓட்டுகிறவன் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி விளக்கின் மையம் எந்த உயரம் என்று சாக்பீஸால் கோடு. ரெண்டடி வந்தது. பிறகு நேர்பின்னால் 25 அடி. அங்கிருந்து அடித்தால் வெட்டுக்கோடு சாக்பீஸ் கோட்டுக்கு மூன்றங்குலம் கீழே விழ வேண்டும். நூற்றுக்கு ஒன்று இறக்கம். அந்தக் கணக்கில் வெளிச்சம் 200 அடி தூரத்தில் தரையைத் தொடும். டூமின் பின்னால் இருக்கிற திருகை நான் திருப்ப, அவன் சுவரில் அளக்க, அரை மணி நேரம் போயிற்று.

சுவரில் சரி. ஆனால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. டெப்போவில் இருந்தபோதே அது எனக்குப் பிடித்த விதி. வெளிச்சம் கண் கூசக் கூடாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், யாருடைய கண் என்று அளவு போட்டுச் சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண். அந்தக் கண் கூசக் கூடாது. எழுதியவர் யாரென்று தெரியாது, ரோட்டில் நடந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றரை மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஐந்தடி. நம்மூர் ஆள் டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு லேசாகக் குனிந்து நின்றால் கண் அங்கேதான் இருக்கும். சேக்காளியைக் கூப்பிட்டோம். முதலில் வரமாட்டேன் என்றார். "லைட்டைப் பாக்கவா கூப்பிடுதீரு? எனக்கு நெஞ்சு படபடங்குது வே" என்றார். மருமகன் போய், "அண்ணாச்சி, நீங்க வந்து சரின்னு சொன்னாத்தான் இதை ரோட்டுக்கு எடுப்பேன். இல்லன்னா பழைய லைட்டை மாட்டிருதேன்" என்றதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். விழுந்த தோள் இல்லை, மற்றது.

டேப் வைத்து அளந்து 8 மீட்டரில் அவரை நிறுத்தினோம். நன்றாக இருட்டியிருந்தது. முதலில் விளக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றார். மருமகன் டிம்மைப் போட்டான். அவர் வேட்டி முழங்கால் வரைக்கும் வெள்ளைவெளேர் என்று எரிகிறது. அதற்கு மேல் ஆளே இருட்டு.

"தொறந்து பாரும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "உமக்கு பல்லு தெரியுது. சிரிக்கீரு" என்றார். நான் பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். விளக்குக்குப் பின்னால் நிற்கிற ஆளின் முகம் தெரிகிறது என்றால் அதற்கு மேல் ஒரு சோதனை இல்லை.

அவரே ரெண்டடி வலப்பக்கம் போனார், இடப்பக்கம் வந்தார், குனிந்து பார்த்தார். இடப்பக்கம் ரொம்ப வந்தபோது கோடு ஏறுகிற இடம் லேசாகக் கண்ணில் பட்டிருக்கும் போல, "இந்தப் பக்கம் கொஞ்சம் எடுக்கு" என்றார். திருகில் கால் சுற்று இறக்கினேன். பிறகு அந்த எல்.இ.டி. பல்பைப் பழைய டூமில் மாட்டி அதையும் காட்டட்டுமா என்று மருமகன் கேட்டான். "வேண்டாம்டே, அதைத்தான் ஓடைக்குள்ள கெடந்து பாத்தேனே" என்றார்.

மருமகன் கோவில்பட்டி வரை ஒரு நடை போய்வந்தான். பிரைட்டில் ரோட்டோர வேப்பமரம் இலை இலையாகத் தெரிகிறதாம். எதிரே வந்த லாரிக்காரர்கள் ஒருத்தர்கூட லைட்டை அடித்துக் காட்டவில்லை என்பதை அதைவிடப் பெருமையாகச் சொன்னான். மொத்தத்தில் செலவு இருபத்தாறாயிரம் சொச்சம், புதுப்பேட்டை டூமையும் சேர்த்து. அவன் அம்மாவுக்குப் பதினைந்து என்று கணக்கு சொல்லியிருக்கிறான்.

ஊருக்குக் கிளம்பும்போது டிக்கியில் ரெண்டு சிப்பம் அரிசி ஏற்றினாள் தங்கை. பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கும், வெட்டுக்கோடும் கூடவே ஏறிவிடும். இறக்கச் சொன்னால் தங்கை விடமாட்டாள், ஆகவே திருகை மறுபடி முக்கால் சுற்று இறக்கி அனுப்பினேன். உங்களில் புதுக் கார் வைத்திருக்கிறவர்கள் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எழுதிய ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஆளும் சுமையும் ஏறினால் விளக்கை இறக்கத்தான் அது இருக்கிறது. அதை ஏசி என்று நினைத்துத் திருகிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் சேக்காளி டிவிஎஸ்ஸோடு வாசலில் நின்றார். அந்த லென்ஸு ஒன்று இதில் வைக்க முடியுமா என்று கேட்டார். இதன் காயில் அதைத் தாங்காது என்று சொல்லி, ஹோல்டரை மாற்றி, துருப்பிடித்த எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பல்பும் புதுசு போட்டுக் கொடுத்தேன். இப்போது ஏழு மணி வரை வயலில் இருக்கிறார்.